இறக்கத்தில் மட்டும்

பூம்பாறையில் இருபத்தாறு மூட்டை பூண்டு ஏற்றி
கொடைக்கானல் மேடு ஏறும்வரை
வண்டி வாயைத் திறக்காது.
பெருமாள்மலை தாண்டி
ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும்
பின்னால் ஆரம்பிக்கும்,
பூட்டிய அறைக்குள் யாரோ
மாவு மில் ஓட்டுவதுபோல.

எனக்கு இடது காது மந்தம்.
முதலில் கேட்டவன் வீரணன்,
மூட்டை மேல் மல்லாந்து வருகிறவன்.
"அண்ணே, முதுகுக்குக் கீழ யாரோ அழுவுறாங்க."
பூண்டு வாடை தலைக்கேறிருச்சு உனக்கு என்றேன்.

காட்ரோட்டில் காஜா மைதீன்
டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் பார்த்தார்.
வீல் பேரிங் இரண்டையும் கழற்றிப் புதுசு போட்டார்.
பணம் அடுத்த லோடுக்குப் பாத்துக்கலாம் என்றார்.
காலி வண்டியைச் சமதரையில் ஓட்டிக் காட்டினார்.
சமதரையில் அது ஊமை.

பெருமாள்மலை எஸ்தாக்கியும்
எல்லோரையும்போல மேலேதான் ஓட்டிப் பார்த்தார்,
சில்வர் கேஸ்கேட் வரை.
நிறுத்தினார்.
"ஏறும்போது சொல்லாதத
எறங்கும்போது சொல்லுதோ?"
திருப்பினார்.
மூன்றாம் கியர். காலை எடுத்தார். வந்தது.
நியூட்ரலில் தள்ளினார், அடங்கியது.
கியர் போட்டார், மறுபடி.
இடமும் வலமும் ஒடித்தார், சுருதி மாறவில்லை.
"சக்கரத்துல இல்ல. நடுவுல, டிப்ரன்சியல்ல.
அதுலயும் பினியன் பக்கம்."

அடிபோல்ட்டைக் கழற்றியதும்
தொண்ணூறு நம்பர் ஆயில் பழுப்பாய் இறங்கியது.
அழுகின பூண்டு வாடை.
என் மூட்டையில் ஏதோ போய்விட்டதென்று
ஒரு கணம் அங்கே திரும்பிப் பார்த்தேன்.
போல்ட்டின் காந்தத்தில்
மீசைபோல் இரும்புத் துகள்.

பினியன் நட்டின் மேல் டார்ச் அடித்துக்
கொஞ்ச நேரம் பேசவில்லை அவர்.
"இத யாரு தொட்டது?"

போன ஆடியில், டம்டம் பாறைக்குப் பக்கம்,
ஆயில் சீல் கசிந்தது.
மழையில் அடியில் படுத்துப் புது சீல் தட்டி
ஸ்பேனருக்கு இரும்புக் குழாய் மாட்டி
நட்டைத் தோராயமாக இறுக்கிய கை,
எண்ணூறு ரூபாய் மிச்சம் பிடித்த கை,
இப்போது சட்டைப் பைக்குள் இருந்தது.
பழைய நட்டு எங்கே நின்றதென்று
ஒரு கோடுகூட அது போட்டுவைக்கவில்லை.

"காஜா மைதீன்" என்றேன்.
வீரணன் டயரைப் பார்த்தான்.
அன்று எனக்குக் குடை பிடித்தவன்.

மூன்று நாள் ஆயிற்று.
பினியன் பேரிங் இரண்டிலும் புள்ளி புள்ளியாய் அரிப்பு.
புதுசு வந்தது திண்டுக்கல்லிலிருந்து.
கிரவுன் பல்லில் நீலச் சாயம் தடவிக்
கையால் சுழற்றினார்.
நீலம் பல்லின் நடுவில் அழிய வேண்டும்,
ஒரு நெல்மணி அளவுக்கு.
ஓரத்தில் அழிந்தது. பிரித்தார்.
தலைமுடிப் பருமனில் ஒரு தகடு சேர்த்தார். மாட்டினார்.
பிரித்தார்.
மாட்டினார்.

இறுக்கம் பார்க்க என் பூண்டுத் தராசைக் கேட்டார்.
கொக்கியில் சணல் கட்டி
பினியன் கழுத்தில் சுற்றி, மெதுவாக இழுத்தார்.
அது கால் கிலோ குறைத்துக் காட்டும் தராசு.
பூம்பாறையில் யாருக்கும் தெரியாது.
அதை மட்டும் சொல்லிவிட்டேன்.
சிரிக்கவில்லை அவர்.
கணக்கைத் திருத்திக்கொண்டு மறுபடி இழுத்தார்.
முள் நடுங்காமல் நின்ற பிறகுதான்
பீடி பற்றவைத்தார்.

இறங்கினோம்.
மூங்கில் உரசுவது கேட்டது,
பிரேக்கின் மூச்சு கேட்டது,
தராசுக் கொக்கி கதவில் தட்டுவது கேட்டது,
என் மந்தக் காதிலும்.

காட்ரோட்டில் காஜா மைதீன் கை நீட்டி நிறுத்தினார்.
"போச்சா?"
"போச்சு பாய்."
"எங்க தப்பு விட்டேன்னு ரெண்டு நாளா யோசனை.
எதுல இருந்துச்சு?"

வடுகபட்டிச் சந்தைக்கு நேரமாகிறது.
காலடியில் இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது.
மூட்டை மேலிருந்து
வீரணன் இருமினான்.

சாவியைத் திருப்பி
அணைத்தேன்.